கிளாஸில் ஒரு மணி நேரம்: ஏழு சிங்கிள் மால்ட்கள், நான்கு மாலைகள்

சிங்கிள் மால்ட் விஸ்கி பற்றி எழுதுகிறவர்கள் பலரும் முதல் மிடறோடு தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன், பாட்டிலைத் திறந்து, முகர்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, பிடித்தது பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி அடுத்ததற்குப் போய்விடுவேன். இப்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஏழு பாட்டில்களை எடுத்துவைத்து, நான்கு மாலைகளில், ஒரு மாலைக்கு இரண்டு என்று (கடைசி மாலை மட்டும் ஒன்று) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மாலைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் குடித்துப் பார்த்தேன். எந்தக் கிளாஸிலும் 25 மில்லிக்கு மேல் ஊற்றவில்லை. எதில் எது இருக்கிறது என்று தெரியக் கூடாது என்பதற்காகத் தம்பி ஊற்றித் தந்தான். முதல் ஐந்து நிமிடத்தில் ஜெயித்த கிளாஸ் கடைசி ஐந்து நிமிடத்திலும் ஜெயித்தது ஒரே ஒரு மாலையில்தான்.

சிங்கிள் என்றால் ஒரே பீப்பாய் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் ஒரு வார்த்தை. ஒரே வடிசாலை என்றுதான் அர்த்தம். அந்த வடிசாலையின் நூற்றுக்கணக்கான பீப்பாய்களைக் கலந்தாலும் அது சிங்கிள் மால்ட்தான். முளைகட்டிய பார்லி மட்டும் சேர வேண்டும், செம்புக் கொப்பரையில் வடிக்க வேண்டும். ஸ்காட்ச் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்திருக்க வேண்டும், மதுசாரம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் பாட்டிலில் அடைக்க வேண்டும். லேபிளில் 12 என்று போட்டிருந்தால் கலவையில் இருப்பதிலேயே இளையதன் வயது அது.

முதல் மாலை லஃப்ரோய்க் 10, லகவூலின் 16. இரண்டும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவின் தெற்குக் கரையில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருப்பவை. இரண்டும் பீட் புகையில் காயவைத்த பார்லியில் செய்தவை. பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கி இறுகிய மண், வெட்டிக் காயவைத்தால் எரியும், அந்தப் புகைதான் பார்லியில் ஏறுகிறது. எண்ணிக்கையில் பார்த்தால் லஃப்ரோய்க்கின் பார்லியில் புகை வாசம் தரும் ஃபீனால் பத்து லட்சத்தில் 40லிருந்து 45 பங்கு (பிபிஎம்), லகவூலினில் 35 சொச்சம், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கிளாஸில் இவை இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லஃப்ரோய்க் மூக்குக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே தன் பெயரைச் சொல்லிவிடும். அயோடின், டிஞ்சர் நனைத்த பஞ்சு, புதிதாகப் பிரித்த பேண்டேஜ், அதோடு ஈரமான கடல்பாசி. முதல் முறை குடிப்பவர் கிளாஸைத் தள்ளி வைத்துவிட வாய்ப்புண்டு, தள்ளியே வைத்துவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இருபது நிமிடம் கழித்து அந்த மருந்து வாசம் பின்னால் போய், அடியிலிருந்து வனிலா மாதிரி ஒரு இனிப்பு மேலே வருகிறது. அது போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயின் வேலை. அமெரிக்காவில் போர்பனுக்குப் புதிதாகச் செய்து உட்புறம் கரிய வைத்த ஓக் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம், ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் கூட்டம் கூட்டமாக ஸ்காட்லாந்துக்கு வந்துவிடுகின்றன. இந்த வடிசாலையை நினைத்தால் எனக்கு பெஸ்ஸி வில்லியம்சன் நினைவுதான் வரும். 1934ல் தற்காலிக டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தவர், 1954ல் முதலாளி இறந்தபோது வடிசாலையே அவர் கைக்கு வந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஒரு ஸ்காட்ச் வடிசாலையைச் சொந்தமாக நடத்திய பெண் அவர்.

லகவூலின் வேறு ரகம். அது அவசரப்படாது. முதலில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாதது போல, அணைந்த அடுப்பின் சாம்பல் மாதிரி மெல்லிய புகை, கொஞ்சம் கறுப்புத் தேநீர். முதல் பத்து நிமிடம் லஃப்ரோய்க்தான் மேஜையை ஆண்டது. நாற்பதாவது நிமிடத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது, லகவூலினில் உலர்திராட்சை, பழைய தோல், உப்பு எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக எழுந்து வந்தன, லஃப்ரோய்க் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து அமைதியாகிவிட்டது. விழுங்கிய பிறகு லகவூலின் தொண்டையில் நிற்கும் நேரம் இருக்கிறதே, நான் கடிகாரம் பார்த்தேன், மூன்று நிமிடம் தாண்டியும் புகை தெரிந்தது. 43 சதவீதத்தில் அடைக்கிறார்கள். 46 ஆக இருந்தால் இன்னும் கொண்டாடியிருப்பேன், ஆனால் இப்படியே கொடுத்தாலும் வாங்கத்தான் போகிறேன்.

சரி, தண்ணீர். விஸ்கியில் தண்ணீர் விடுவது பாவம் என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டே இருக்கிறது, தயவுசெய்து அதை நம்பாதீர்கள். 2017ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் இதைக் கணினியில் மூலக்கூறு அளவில் பார்த்தார்கள். புகை வாசத்துக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், மதுசாரம் அதிகமாக இருக்கும்போது அதற்குள் புதைந்து கிடக்கிறது, தண்ணீர் சேர்த்து 45 சதவீத அளவுக்கு இறக்கும்போது பரப்புக்கு வந்துவிடுகிறது. மூக்குக்கு எட்டுவது பரப்பில் இருப்பதுதான். அதனால் பாதிக் கிளாஸை அப்படியே குடித்துவிட்டு, மீதிக்குச் சொட்டு மருந்துக் குழாய் ஒன்றால் மூன்று நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஐஸ் மட்டும் வேண்டாம், குளிர்ந்தால் வாசம் அடங்கிவிடும், வாசம் இல்லாத மால்டுக்கு இவ்வளவு மெனக்கெடவே தேவையில்லை.

இரண்டாம் மாலை, ஷெர்ரி என்ற ஸ்பெயின் நாட்டு ஒயின் இருந்த பீப்பாய்க்காரர்கள், கிளென்ட்ரோனக் 12, கிளென்ஃபார்க்ளஸ் 15. எனக்கு ஷெர்ரி மால்ட் என்றாலே ஒரு பலவீனம் உண்டு. கிளென்ட்ரோனக்கில் ஓலோரோசோ, பெட்ரோ ஹிமெனெஸ் இரண்டு வகை ஷெர்ரி பீப்பாய்களும் சேர்கின்றன. பெட்ரோ ஹிமெனெஸ் என்பது வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்யும் கெட்டி இனிப்பு ஒயின், அந்த இனிப்பு இதில் முதல் நொடியிலேயே தெரியும். பேரீச்சை, அத்தி, டார்க் சாக்லேட். யாருக்கும் பிடிக்கும், சிங்கிள் மால்ட் பழகாத நண்பருக்குக் கொடுக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கிளென்ஃபார்க்ளஸ் ஓலோரோசோவையே நம்பி நிற்கிறது, அதனால் இனிப்பு குறைவு, ஆரஞ்சுத் தோல், பாதாம், இலவங்கம் என்று போகும். 1865 முதல் ஒரே கிரான்ட் குடும்பத்தின் கையில் இருக்கிறது. பெரும்பாலான வடிசாலைகள் நீராவியால் கொப்பரையைச் சூடாக்கும்போது இவர்கள் இன்னும் கொப்பரைக்கு அடியில் நேரடியாகத் தீ மூட்டித்தான் வடிக்கிறார்கள், நீராவியை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு, வருகிற சரக்கு கனமாக இல்லை என்று தீக்கே திரும்பினார்கள். நிறம் ஏற்ற கேரமலும் சேர்ப்பதில்லை. ஸ்காட்ச் சட்டம் அதை அனுமதிக்கிறது, அதனால் கருமையான நிறத்தைப் பார்த்து நல்ல பீப்பாய் என்று நம்பிவிட முடியாது.

அன்று நான் கிளாஸ்களை மாற்றிச் சொன்னேன். இனிப்பாக இருந்ததைக் கிளென்ஃபார்க்ளஸ் என்று உறுதியாகச் சொன்னேன், காரணம் 15 என்ற எண் மனதில் இருந்தது, வயது கூடியது இன்னும் செழிப்பாக இருக்கும் என்ற எண்ணம். தம்பி பாட்டிலைத் திருப்பிக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அன்றிலிருந்து லேபிளில் நான் முதலில் தேடுவது சதவீதத்தை, அப்புறம் பீப்பாயை, வயதைக் கடைசியாக. 46 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் குளிர்வடி செய்யவில்லை என்று அர்த்தம். குளிர்வடி என்றால், விஸ்கியைக் குளிரவைத்து, கலங்கலாகத் தெரியக்கூடிய எண்ணெய்ப் பொருள்களை வடிகட்டி எடுப்பது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் நாக்கில் படிகிற அந்தக் கொழகொழப்பில் கொஞ்சம் போய்விடும். கிளென்ஃபார்க்ளஸ் 15ல் 46. மணி முடியும்போது அதுதான் முன்னால் நின்றது, இனிப்பு ஒரு கட்டத்துக்கு மேல் அலுத்துவிடுகிறது, அந்த ஆரஞ்சுத் தோலின் கசப்பு அலுக்கவில்லை.

மூன்றாம் மாலைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒரு பக்கம் ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10. இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையின் கிளைன்லிஷ் 14. டாலிஸ்கர் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், மிளகு, உப்புக் காற்று, மிதமான புகை, எல்லாம் உண்மை. விழுங்கும் நொடியில் தொண்டையின் பின்பக்கம் மிளகை இடித்துத் தூவியது போல ஒரு சுளீர், அது வேறு எந்த மால்டிலும் இவ்வளவு தெளிவாக வருவதில்லை. 1960ல் தீ விபத்தில் அந்த வடிசாலை எரிந்தபோது பழைய கொப்பரைகளின் அளவு மாறாமல் அச்சு அசலாக மறுபடி செய்துவைத்தார்கள், அந்தச் சுளீர் போய்விடக் கூடாது என்ற கவலை எனக்குப் புரிகிறது. 45.8 சதவீதம். முதல் நிமிடம் முதல் கடைசி வரை ஒரே குணம், முன்னால் சொன்ன அந்த ஒரு மாலை இதுதான்.

ஆனால் கிளைன்லிஷை இவ்வளவு நாள் நான் கவனிக்காமல் விட்டதற்கு வருந்துகிறேன். ஊற்றியதும் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், அவ்வளவுதான் என்று தோன்றும். நாக்கில் வைத்தால் மெழுகு. சுவை என்று சொல்வதைவிட ஒரு தொடுகை, அணைத்த மெழுகுவர்த்தியைத் தொட்ட விரலை உதட்டில் வைத்தது மாதிரி. இரண்டாவது வடிப்புக்கு முன் சரக்கு தங்கும் தொட்டியில் படியும் எண்ணெய்ப் படிவுதான் அதற்குக் காரணம் என்கிறார்கள், தொட்டியைச் சுத்தமாகக் கழுவிய காலத்தில் மெழுகு காணாமல் போய், படிவைத் திரும்ப வளர்த்தபின்தான் வந்ததாம். நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டு விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன், தண்ணீர் இறங்கிய இடத்தில் எண்ணெய் இழைகள் நூல் நூலாகச் சுழன்று, மெல்லக் கலந்து, தங்க நிறத்தில் ஒரு மங்கல் படர்ந்தது. அதற்குப் பிறகு தேன் வந்தது. டாலிஸ்கர் எனக்கு நெடுநாள் நண்பன், அந்த மாலை மட்டும் பார்த்தாலும் அதுதான் முதலில், ஆனால் அடுத்து வாங்கப்போவது கிளைன்லிஷ்.

இடையில் ஒரு விஷயம், பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கவைத்தால் இந்த அளவு மதுசாரம் கார்க்கை அரித்துவிடும். ஒரு பாட்டிலில் கார்க் பாதி கழுத்தோடு ஒடிந்து தூளாக உள்ளே விழுந்து, தேநீர் வடிகட்டியில் ஊற்றிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

நான்காம் மாலை ஸ்பிரிங்பேங்க் 10 மட்டும். ஒருகாலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வடிசாலைகள் புகைவிட்ட, ஸ்காட்லாந்தின் கேம்பெல்டவுன் ஊரில் 1828 முதல் இருக்கிறது, இப்போது அந்த ஊரில் விஸ்கி செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். தனக்கு வேண்டிய பார்லி மொத்தத்தையும் தன் தரையிலேயே பரப்பி, கையால் கிளறி முளைகட்டுகிறார்கள், வடிப்பதும் பாட்டிலில் அடைப்பதும் அங்கேயே. சரக்கில் ஒரு பகுதி இரண்டு முறையும் இன்னொரு பகுதி மூன்று முறையும் வடிபடுவதால் இரண்டரை வடிப்பு என்பார்கள். 46 சதவீதம், நிறம் சேர்ப்பதில்லை, குளிர்வடியும் இல்லை.

இதைத் தனியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இதோடு வைக்க ஜோடி கிடைக்கவில்லை. மேலே சொன்ன ஒவ்வொன்றிலும் கொஞ்சம் இதில் இருக்கிறது, கொஞ்சம் புகை, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் எண்ணெய், ஷெர்ரியின் நிழல், அதோடு ஈரமான கோணிப்பை, மழை பெய்த கொட்டகை மாதிரி ஒரு மண்வாசம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறு ஒன்று முன்னால் வருகிறது. இருபதாவது நிமிடத்தில் பேரிக்காய், அரை மணியில் புகை, ஐம்பதில் உப்புத் தடவிய கேரமல். கடைசி வாயைக் குடிக்க எனக்கு மனமே வரவில்லை. பத்து வயது மால்ட் ஒன்று பதினாறு வயதானதை விட அதிகம் பேசுகிறது, ஏழில் எனக்கு முதலிடம் இதற்குத்தான், அப்புறம் லகவூலின், அப்புறம் டாலிஸ்கர்.

கிளாஸ்களை அன்றிரவு கழுவாமல் வைத்துவிட்டுக் காலையில் முகர்ந்து பாருங்கள், மதுசாரம் முழுக்கப் பறந்த பிறகு மிஞ்சுவது என்ன என்று தெரியும். லகவூலின் கிளாஸில் சுத்தமான சாம்பல், கிளைன்லிஷ் கிளாஸில் மெழுகு, கிளென்ட்ரோனக்கில் ஒட்டும் இனிப்பு. ஸ்பிரிங்பேங்க் கிளாஸில் காலையிலும் அந்தக் கொட்டகை வாசம் அப்படியே இருந்தது. அந்தப் பாட்டில் இப்போது பாதிக்கும் கீழே போய்விட்டது, உள்ளே காற்று கூடினால் வாசம் தளர்ந்துவிடும் என்பதால் மிச்சத்தை விளிம்பு வரை நிரம்பும்படி ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை நான் ஊற்ற, தம்பி குடித்துச் சொல்ல வேண்டும்.