போர்ட்டா, புரோட்டானா? தங்கச்சிமடத்து முன்னறையிலிருந்து ஒரு லினக்ஸ் கேம் ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் பாம்பன், மண்டபம் கரையில் கட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களில் கண்ணிலேயே படாத மச்சான்மார் அப்போது வீட்டில் இருப்பார்கள். பகலில் படகு வேலை, வலை வேலை. இரவானால் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கு லேப்டாப் கூடிவிடும். இரண்டில் விண்டோஸ், இரண்டில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். லினக்ஸில் ஒன்று என்னுடையது, இன்னொன்று அக்கா மகனுடையது. அவனுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான், அதனால் அதில் கேம் ஓடுவதும் என் பொறுப்பு.

எங்களுக்கு முன்னால் இரண்டு வழி. லினக்ஸுக்கென்றே போர்ட் செய்த, அதாவது அதில் நேராக ஓடும்படி மாற்றி எழுதிய கேமை ஆடலாம். அல்லது விண்டோஸ் கேமையே, அதை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக ஓட்டலாம். பல வருடம் நான் முதல் கட்சி. லினக்ஸ் கேமர்களிடையே 'டக்ஸ் இல்லையேல் காசு இல்லை' என்று ஒரு பேச்சு உண்டு. டக்ஸ் என்பது லினக்ஸின் பென்குவின் சின்னம், அந்த அடையாளம் போடாத கேமுக்குப் பணம் தராதே என்று பொருள். 2013 பிப்ரவரி 14 அன்று லினக்ஸுக்கு வால்வ் நிறுவனத்தின் கேம் கடையான ஸ்டீம் வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதல்ல. அதன்பின் ஐந்து வருடம் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

என் எண்ணம் மாறியது ஒரு தடைக்காலத்தில். ஒரு போர்த்தந்திர கேம். என்னிடம் லினக்ஸ் போர்ட், மச்சானிடம் விண்டோஸ் பதிப்பு. ஒரு மணி நேரம் நன்றாகப் போகும், பிறகு 'ஒத்திசைவு போயிற்று' என்று சொல்லி வெளியே தள்ளிவிடும். மூன்று இரவு இப்படியே போனது. காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த வகை கேமில் ஒவ்வொரு லேப்டாப்பும் முழு ஆட்டத்தையும் தானே கணக்கிடும். யார் என்ன கட்டளை கொடுத்தார் என்பது மட்டும்தான் நெட்வொர்க்கில் போகும். ஒரே கட்டளைக்கு எல்லா லேப்டாப்பிலும் ஒரே விடை வந்தாக வேண்டும். எழுதிய கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலர் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறொன்று என்று ஆகும்போது, தசமக் கணக்கில் கடைசி இலக்கம் பிசகினாலே போதும். கொஞ்ச நேரத்தில் அவன் பார்க்கும் போர்க்களம் வேறு, நான் பார்க்கும் போர்க்களம் வேறு. சில போர்ட்களில் இதனால்தான் விண்டோஸ்காரரோடு சேர்ந்து ஆடவே வழி வைப்பதில்லை.

சரி என்று புரோட்டானுக்கு மாற்றினேன். அப்போது ஓடுவது மச்சானிடம் இருக்கும் அதே விண்டோஸ் புரோகிராம். கணக்கு பிசகவில்லை, விடிய விடிய ஆடினோம். ஆனால் பழைய சேவ் எதுவும் வரவில்லை. லினக்ஸ் பதிப்பு ஓரிடத்தில் சேவ் செய்கிறது, புரோட்டான் தனக்கென்று ஒரு விண்டோஸ் ஃபோல்டர் அமைப்பை வைத்துக்கொண்டு அதில் தேடுகிறது. "என்ன மாமா, திரும்ப மொதல்லேர்ந்தா?" என்று அக்கா மகன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவன் கட்டிய நாற்பது மணி நேர ராஜ்ஜியம் அது.

இதை வைத்து போர்ட் என்றாலே மோசம் என்று சொல்லிவிட முடியாது. போர்ட்டில் இரண்டு ஜாதி இருக்கிறது. கேமை எழுதியவர்களே லினக்ஸுக்கும் எழுதுவது ஒன்று. வால்வ் நிறுவனம் 2012-இல் லெஃப்ட் 4 டெட் 2 கேமை லினக்ஸில் முதலில் ஓட்டியபோது கிடைத்தது நொடிக்கு 6 ஃபிரேம். உட்கார்ந்து வேலை பார்த்து அதை 315-க்குக் கொண்டுவந்தார்கள். அதே கணினியில் விண்டோஸ் 7 தந்தது 270.6. தொழிற்சாலை கட்டும் கேமான ஃபேக்டோரியோ இன்னும் அழகான உதாரணம். லினக்ஸில் ஆட்டத்தை நிறுத்தாமலே சேவ் செய்யும் வசதி அதில் உண்டு. ஓடும் புரோகிராம் தன்னைப் போலவே ஒரு நகல் எடுத்து, அந்த நகலை எழுதவிட்டு, தான் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் பதிப்பில் இது கிடையாது. தொழிற்சாலை பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு ஆட்டோசேவுக்கும் விண்டோஸில் ஆடும் மச்சான் காத்திருப்பான், என் திரை நிற்காது. கணக்கு எல்லா இயங்குதளத்திலும் ஒன்றாக வர வேண்டும் என்று அவர்கள் மெனக்கெட்டதால், நான்கு லேப்டாப்பும் கலந்து ஆடினாலும் பிசகுவதில்லை. இப்படி ஒரு போர்ட் இருக்கும்போது புரோட்டான் பக்கம் போகவே மாட்டேன்.

இன்னொரு ஜாதி, ஒப்பந்தத்தில் வெளி நிறுவனம் செய்து கொடுப்பது. 1998-இல் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர் சிவிலைசேஷன்: கால் டு பவர், குவேக் 3 என்று நல்ல நல்ல கேம்களைக் கொண்டுவந்தது, 2002-இல் மூடப்பட்டது. அங்கே வளர்ந்த எஸ்டிஎல் லைப்ரரி, அதாவது திரை, ஒலி, கீபோர்டு வேலைகளை எல்லா இயங்குதளத்திலும் ஒரேபோலச் செய்து தரும் நிரல் தொகுப்பு, இன்றும் எத்தனையோ கேம்களைத் தாங்குகிறது. ஆனால் அன்று விற்ற சிடியை இன்றைய லினக்ஸில் ஓடவைப்பது பெரும்பாடு. பின்னாளில் ஃபெரல், ஆஸ்பைர் என்ற இரண்டு போர்ட் நிறுவனங்களும் நேர்த்தியாகவே செய்தன. 2018-இல் ஃபெரல் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையில் கொண்டுவந்த ரைஸ் ஆஃப் த டூம் ரைடரை நான் ரசித்து ஆடியிருக்கிறேன். குறை கைவேலையில் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் ஆளும் போய்விடுகிறார், லினக்ஸ் அடியில் மாறிக்கொண்டே இருக்கிறது. படகு எவ்வளவு நல்ல மரமானாலும் வருடா வருடம் கரையேற்றிப் பலகை இடுக்கில் பஞ்சு திணிக்க ஆள் வேண்டும் என்பது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. 2014-இல் விட்சர் 2 லினக்ஸுக்கு வந்தபோது உள்ளே இருந்தது ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு. விண்டோஸ் அழைப்புகளை லினக்ஸுக்கு மாற்றித் தரும் அடுக்கு. புரோட்டான் செய்வதும் அதே வேலைதான். வித்தியாசம், விட்சர் 2-இல் அந்த அடுக்கு கேமுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. புரோட்டான் வெளியே இருக்கிறது. அதைத் திருத்தினால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பழைய கேம்களுக்குப் பலன். விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட 1993-இல் தொடங்கிய வைன் திட்டமும், விண்டோஸின் கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகேவும் சேர்ந்துதான் புரோட்டான். 2018 ஆகஸ்டில் வந்தபோது வால்வ் உறுதி சொன்ன கேம்கள் 27. இன்று எதையாவது வாங்குமுன் எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்கள் பதியும் புரோட்டான்டிபி தளத்தில் மற்றவர்கள் எழுதியதைப் பார்க்கிறேன், பெரும்பாலும் ஓடுகிறது.

ஆனால் அக்கா மகனின் லேப்டாப்பில் கதை வேறு. அது 4-ஆம் தலைமுறை இன்டெல். டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 வேண்டும், அந்தப் பழைய கிராபிக்ஸ் அதுவரை எட்டாது. வல்கனை விட்டு ஓபன்ஜிஎல் என்ற பழைய கிராபிக்ஸ் முறை வழியாக ஓட்டச் சொல்லலாம், வேகம் குறைந்துவிடும். ஓபன்ஜிஎல்லில் செய்த பழைய போர்ட்கள் அதே லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு போகின்றன. பழைய மெஷின் வைத்திருப்பவர்களிடம் 'புரோட்டான் இருக்கே' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். நம் ஊரில் பலரிடம் இருப்பது அந்த மெஷின்தான்.

விண்டோஸையும் பக்கத்தில் போட்டுக்கொள்வது மூன்றாவது வழி. வேலோரன்ட் ஆடியே தீருவேன் என்பவருக்கு வேறு வழியில்லை, அதன் ஏமாற்றுத்தடுப்பு விண்டோஸின் அடிமையமான கெர்னலுக்குள் உட்காருகிறது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற மற்ற ஏமாற்றுத்தடுப்புகள் இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்தாலும், கேம் நிறுவனம் அனுமதித்தால்தான் உண்டு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கேம் 2024 அக்டோபர் 31 அன்று லினக்ஸை அடைத்தே விட்டது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்து, பழைய சிப்பில் 11 ஏறாத நிலையில் இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

புரோட்டான் நன்றாக இருந்தால் யார் போர்ட் செய்வார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. ராக்கெட் லீக் கேம் 2020 மார்ச்சில் லினக்ஸ் பதிப்பைக் கைவிட்டபோது சொன்ன கணக்கு, மேக், லினக்ஸ் இரண்டும் சேர்த்து ஆடுபவர்களில் 0.3 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் கூட்டத்துக்காக வருடக்கணக்கில் ஆள் வைத்துப் பராமரிக்கச் சொல்வது கஷ்டம்தான். புரோட்டானில் ஆடினாலும் ஸ்டீம் நம்மை லினக்ஸ் கணக்கில்தான் சேர்க்கிறது, எண்ணிக்கை கூடட்டும். லினக்ஸை மனதில் வைத்து உழைப்பவர்களின் கேமை முழு விலை கொடுத்து வாங்குகிறேன், தள்ளுபடிக்குக் காத்திருப்பதில்லை.

கடைசியாக எங்கள் கரைக்கே உரிய ஒரு விஷயம், டேட்டா. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு நாளைக்கு இரண்டு ஜிபி. 2023 முதல் ஸ்டீமில் ஒரே வைஃபையில் இருக்கும் லேப்டாப்களுக்கு இடையே கேமை நகலெடுக்க முடியும். புரோட்டானுக்கு வேண்டியது விண்டோஸ் ஃபைல்களே என்பதால், மச்சான் ஒருமுறை இறக்கியதை என் லேப்டாப் நேராக இழுத்துக்கொள்கிறது. லினக்ஸ் போர்ட் என்றால் ஃபைல்கள் வேறு, பெரும்பாலும் நான் தனியாக இறக்க வேண்டும். ஆகவே இந்தத் தடைக்காலத்துக்கு முன் ராமநாதபுரத்தில் நண்பர் வீட்டு ஃபைபர் இணைப்பில் ஃபேக்டோரியோவையும், அக்கா மகனுக்காக நான்கைந்து பழைய போர்ட்களையும் இறக்கிக்கொண்டு வரப் போகிறேன். மற்றதை மச்சான் லேப்டாப்பிலிருந்து எடுத்துக்கொள்வேன். அக்கா மகனின் சேவ் ஃபோல்டரை இப்போதே பென்டிரைவில் போட்டு வைத்துவிட்டேன்.