பேர்லிக்கு எந்தத் துணை? கொழும்பு ஈரத்தில் மூன்று கலவைகள்

ஒரு வருடமாக பைப்பில் பேர்லி என்ற புகையிலை வகையை மட்டுமே புகைத்தேன். வறுத்த கச்சானின் வாசம், கொஞ்சம் கொக்கோ, வெறும் தேத்தண்ணியின் துவர்ப்பு என்று அதன் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பைப்பின் கிண்ணத்தில் இலை பாதி எரிந்ததும் வாய் காய்ந்துவிடும், தொண்டையில் ஒரு குத்தல் எழும். அந்தக் குத்தலைத் தணிக்க எதைக் கலக்கலாம் என்று வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் இரண்டு வருடமாகச் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இலை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் சுங்கத்தில் காட்டி, வரி கட்டிக் கொண்டுவந்தது. அதனால் ஒவ்வொரு கிராமையும் யோசித்தே செலவழித்தேன்.

முதலில் பேர்லி ஏன் குத்துகிறது என்று பார்ப்போம். இன்று நாம் அறியும் வெள்ளைப் பேர்லி 1864இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் தலைகாட்டிய வகை. இலையை நெருப்பில்லாமல், காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்காகத் தொங்கவிட்டுப் பதப்படுத்துகிறார்கள். மெல்ல மெல்லக் காயும்போது இலை தன்னிடமுள்ள சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடுகிறது. சர்க்கரை இல்லாத இலையின் புகை காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, உள்ளது. காரப் புகையில் நிக்கொட்டின் கட்டற்று நிற்பதால் தொண்டையை நேரே போய்த் தாக்குகிறது. நிக்கொட்டினும் பேர்லியில் அதிகம். ஆகவே கலக்கப்படும் இலை இந்த முரட்டுத்தனத்தைக் குறைக்க வேண்டும், கச்சான் வாசத்தை மூடவும் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் இலையைத்தான் தேடினேன்.

வேர்ஜீனியா என்ற இலையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அதைச் சூடேற்றிய அறையில் ஒரு வாரமளவில் காய்ச்சிவிடுவதால் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும். புகை அமிலப் பக்கம் சாயும், பேர்லியின் காரத்தை ஈடுசெய்யும். 50 கிராம் கலவையில் 15 கிராம் சேர்த்தபோது வைக்கோல் வாசமும் இனிமையும் உடனே தெரிந்தன. தொண்டைக் குத்தலும் குறைந்தது. ஆனால் குத்தல் தொண்டையை விட்டு நாக்குக்கு வந்துவிட்டது. வேர்ஜீனியா சூடாக எரியும், அவசரமாக இழுத்தால் நாக்கைச் சுடும். கொழும்பில் அவசரமாக இழுக்காமல் இருப்பது கடினம். இலை ஈரம் பிடித்து அடிக்கடி அணைந்துவிடும், அணையாமல் காப்பாற்ற நாம் வேகமாக இழுப்போம். பொறுமையாகப் புகைப்பவருக்கு இது நல்ல கலவை. இறுக மூடி வைத்தால் வருடக்கணக்கில் முதிர்ந்து மேலும் நன்றாகும். அந்த விடயத்தில் மற்ற இரண்டும் இதற்குக் கிட்ட வரா.

அடுத்தது கவெண்டிஷ், வேகவைத்து அழுத்திய புகையிலை. அதில் இனிப்பும் மணமும் சேர்த்த வகை எனக்கு ஒத்துவரவில்லை. வீட்டிலுள்ளவர்களுக்கு வனிலா வாசம் பிடித்தது உண்மைதான். ஆனால் பேர்லி பஞ்சு மாதிரியான இலை. பக்கத்தில் எந்த மணத்தை வைத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். பத்தே நாளில் போத்தல் முழுவதும் வனிலாவாகி, கச்சான் வாசம் போய்விட்டது. மணமூட்டிய வகைகளில் ஈரம் காக்க புரொப்பிலீன் கிளைக்கோல் சேர்ப்பது வழக்கம். காற்று வறண்ட ஊருக்கு அது உதவும், இங்கே அதற்கு வேலையே இல்லை. குழாயில் நீர் கட்டிக் களகளக்கும், கடைசிக் கால்வாசி எரியாது. அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு அந்தப் பைப்பில் எதைப் போட்டாலும் வனிலாதான் முன்னே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இதிலை புகையிலை எங்கை தம்பி இருக்கு?" என்று கேட்டார். அவர் வாழ்நாள் முழுவதும் சுருட்டுக் குடித்தவர். அவர் கேட்டது சரி.

அப்புறம் இனிப்பில்லாக் கறுப்புக் கவெண்டிஷ். கவெண்டிஷ் என்று ஒரு செடி கிடையாது, அது ஒரு செய்முறை. வேர்ஜீனியாவையோ பேர்லியையோ நீராவியில் வேகவைத்து, அழுத்தி, கறுக்கும் வரை விடுவார்கள். இலையிலிருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து நிறம் மாறுகின்றன. பாண் மேற்தோல் பொன்னிறமாவதும் இதே வினையால்தான். இந்த வேக்காட்டில் இலையின் முரட்டுத்தனம் பெருமளவு போய்விடுகிறது. தனியே புகைத்தால் சப்பென்றிருக்கும், கொஞ்சம் கருகிய சீனி வாசம் மட்டும் வரும். அதனாலேயே பலர் இதை வெறும் நிரப்பி என்று ஒதுக்குகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். உறைப்புக் கறிக்குத் தேங்காய்ப்பால் விடுகிறோம். கறி மீன்கறியாகவே இருக்கும், நாக்கு மட்டும் தப்பும். பேர்லியில் கறுப்புக் கவெண்டிஷ் செய்வதும் அதுதான். புகை தடிக்கிறது, விளிம்புகள் மழுங்குகின்றன, கொக்கோ வாசம் முன்னைவிடத் தெளிவாகிறது.

அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நகைக்கடைகளில் பாவிப்பது போன்ற ஒரு சின்னத் தராசில் நிறுத்து நான்கு கலவைகள் செய்தேன். 100க்கு 10 பங்கில் நிறம் கறுத்தது, சுவையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 20இல் குத்தல் இறங்கத் தொடங்கியது. 25இல் இறங்கியே விட்டது, கச்சான் அப்படியே இருந்தது. 50க்குப் போனால் பேர்லி தோற்றுவிடும், புகை நிறைய வரும், சொல்லிக்கொள்ள ஒரு சுவையும் இராது. புகை மென்மையானால் தீங்கும் குறையும் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். தொண்டை எச்சரிக்காததால் கூடுதலாகப் புகைக்கத்தான் தோன்றும். நான் ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம் என்று நிறுத்திக்கொள்கிறேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேர்ஜீனியாவில் செய்த கவெண்டிஷில் சிறிது இனிமை மீந்திருக்கும், பேர்லியில் செய்தது இன்னும் அடக்கமானது. இரண்டில் முதலாவது எனக்கு நல்லது, ஏனென்றால் பேர்லியிடம் இல்லாததை அது கொண்டுவருகிறது. பையில் மணமில்லாதது என்று எழுதியிருந்தாலும் பிரித்து முகர்ந்து பாருங்கள். வனிலாவோ பழ வாசமோ வந்தால் அது நமக்கான இலை இல்லை.

இனி ஈரத்துக்கு வருவோம். கொழும்பில் இந்தக் கலவைக்கு உண்மையான எதிரி அதுதான். கறுப்புக் கவெண்டிஷ் பையிலிருந்து வரும்போதே நனைந்தாற்போல் இருக்கும். என் முதல் போத்தலில் அதை அப்படியே பேர்லியோடு கலந்து மூடி, சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். மூன்றாம் வாரம் வெள்ளைப் பூஞ்சணம். முழுவதையும் குப்பையில் கொட்டினேன். பூஞ்சணம் பிடித்த இலையைக் காயவைத்துக் காப்பாற்ற முயலக் கூடாது.

இப்போது கவெண்டிஷைத் தனியே காயவைத்த பிறகே நிறுக்கிறேன். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நனைந்த 10 கிராமில் ஒரு பங்கு வெறும் தண்ணீர்தான், அதை நம்பி நிறுத்தால் கணக்குப் பிழைக்கும். பெப்ரவரியில் பழைய பேப்பரில் பரப்பி மின்விசிறியின் கீழ் ஒரு மணித்தியாலம் விட்டால் போதும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூனில், கடற்கரைப் பக்கத்து வீட்டில் மாலை முழுவதும் பரப்பி வைத்தாலும் காயாது, ஈரத்தை இன்னும் வாங்கிக்கொள்ளும். அப்போது குளிரூட்டி ஓடும் அறைதான் வழி. ஒரு கிள்ளு எடுத்து விரல்களால் அழுத்திப் பாருங்கள். விட்டதும் பிரிந்து எழுந்தால் சரி, உருண்டையாக நின்றால் இன்னும் காய வேண்டும். கலந்த பின் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, அலுமாரி இருட்டில் மூன்று வாரம் வைத்தால் இரண்டு இலையும் ஒன்றாகப் பழகும். முதல் நாள் புகைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இரண்டாம் முறை வந்தபோது பெரியப்பாவுக்கு இந்த 25 பங்குக் கலவையைக் கொடுத்தேன். கிண்ணம் முடியும்வரை பேசவில்லை. பிறகு, "இது பறவாயில்லை. ஆனா எனக்கு உறைப்புக் காணாது" என்றார். ஒரு காலத்தில் திருவாங்கூர் வரை கப்பலேறிப் போன யாழ்ப்பாண இலையின் உறைப்பு அவர் நாக்கில் இருப்பது. பொச்சுமட்டைப் புகையில் பதப்படுத்திய அந்த இலை கொஞ்சம் கொண்டுவந்திருந்தார். அதில் 5 பங்கை மெல்லியதாக நறுக்கி, 80 பங்கு பேர்லி, 15 பங்கு கவெண்டிஷோடு கலந்தேன். அந்தப் போத்தலை அவர் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். எனக்கு ஒரு கிண்ண அளவுதான் மிஞ்சியது.