'மேட் இன் இந்தியா' ஸ்டிக்கரை நம்பி 78,000 ரூபாய் போச்சு: பெங்களூர்ல சோலார் போடுறவங்க கவனிங்க

மொட்டைமாடியில சோலார் போடப்போறீங்கன்னா இதைப் படிச்சிட்டு அட்வான்ஸ் குடுங்க. என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் குடுக்கிற பிஎம் சூர்ய கர் திட்டத்துல முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் மானியம். ஆனா பேனல் மட்டுமில்ல, உள்ள வெயிலைக் கரண்ட்டா மாத்துற செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். அதுக்குப் பேருதான் டிசிஆர் பேனல். வெளிநாட்டு செல்லை இறக்கி, இங்க கண்ணாடியும் பிரேமும் போட்டாலும் பின்னாடி 'மேட் இன் இந்தியா'ன்னுதான் இருக்கும். விலை கம்மி, மானியம் கிடையாது.

எனக்கு மாட்டினது அதுதான். ராமமூர்த்தி நகர் பக்கம் ஒரு சோலார் டீலர். "நம்ம திருச்சிப் பக்கம்தானேண்ணா நீங்க, மானிய பேப்பரெல்லாம் நானே பாத்துக்கறேன்"னு சொல்லி, பேனலைத் திருப்பி அந்த ஸ்டிக்கரைக் காட்டினான். விரலால தடவிப் பார்த்துட்டு முழுப் பணத்தையும் குடுத்துட்டேன். கொட்டேஷன்ல '550 வாட், 6 பேனல்'னு மட்டும்தான் இருந்துச்சு. டிசிஆர்ங்கிற வார்த்தையே இல்ல.

நெட் மீட்டர் (நாம லைனுக்குக் குடுக்கிற கரண்ட்டையும் கணக்குப் பண்ற மீட்டர்) வந்தாச்சு, மானியம் வரல. கேட்டா "போர்ட்டல் ஸ்லோ"ன்னான். அப்புறம் "பேங்க்ல பேரு மேட்ச் ஆகல". அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". நேத்து கடையிலயே போய் நின்னேன். "நான்-டிசிஆர் ரேட்டுதானே சார் குடுத்தீங்க"ங்கிறான். பணம் வாங்குற வரைக்கும் அண்ணா, இப்ப சார். 78,000 ரூபாய்ங்க!

இதுல இன்னொரு அநியாயம். சின்டெக்ஸ் தொட்டிக்கு வடக்கே ஒட்டினாப்ல ரெண்டு பேனலை வச்சிருக்கான். டிசம்பர், ஜனவரியில இங்க உச்சி வெயிலே தெற்கே சாஞ்சு 55 டிகிரி உயரத்துலதான் நிக்கும். பேனலுக்கு மேல 5 அடி நிக்கிற தொட்டி நடு மத்தியானத்துலயே மூணரை அடிக்கு நிழல் போடுது. காலையிலயும் சாயந்தரமும் இன்னும் நீளம். 6 பேனலும் ஒரே சீரீஸ், ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா கோத்தது. நிழல் விழுந்த பகுதியை பைபாஸ் டயோடு (கரண்ட்டை அதைச் சுத்தி வேற வழியா விடுற பாகம்) ஒதுக்கிடும், அந்த கரண்ட்டு போச்சு. ஒரு நாளைக்கு 12 யூனிட் வரவேண்டிய வெயில்ல 8தான் வருது.

விவரமா எழுத இப்ப மனசு நிக்கல. இதை மட்டும் பாருங்க: கொட்டேஷன்ல 'டிசிஆர்'னு எழுதி வாங்குங்க. சீரியல் நம்பர் போட்ட டிசிஆர் சர்டிபிகேட் கைக்கு வராம கடைசித் தவணையைக் குடுக்காதீங்க. தொட்டிக்கு வடக்கே பேனல் வேண்டாம். எர்த்திங் குழி பேனல் பக்கம் வர்ற டிசி கரண்ட்டுக்கு, வீட்டுப் பக்கம் போற ஏசி கரண்ட்டுக்கு, இடிதாங்கிக்குன்னு மூணு தனித்தனியா இருக்கணும். என் வீட்ல ஒண்ணுதான் தோண்டியிருக்கான், அதையும் இன்னைக்குக் காலையிலதான் பார்த்தேன்.