“எல்லாக் கன்சோலுக்கும்” என்று அச்சடித்த ஒயர்லெஸ் கன்ட்ரோலரா? வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்

பெட்டியைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், கம்ப்யூட்டர், ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று ஏழு சின்னங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும். விற்பவரும் கண் முன்னாலேயே பிளேஸ்டேஷன் 5-இல் இணைத்துக் காட்டுவார். விளக்கு எரியும், முகப்புத் திரையில் கேம் படங்கள் இடதும் வலதுமாக நகரும். வாங்கியவர் வீட்டுக்குப் போய் பிளேஸ்டேஷன் 5-க்கென்றே வந்த கேம் ஒன்றைத் திறக்கும்போதுதான் இந்தக் கன்ட்ரோலரால் இதை விளையாட முடியாது என்று திரை சொல்லும். திருப்பிக் கொடுக்கப் போனால் பதில் தயாராக இருக்கும்: “கனெக்ட் ஆகுதுல்ல சார், அப்புறம் என்ன?”

மொத்த ஏமாற்றும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. கனெக்ட் ஆவது வேறு, விளையாட முடிவது வேறு. பெட்டி முதலாவதை மட்டும்தான் சொல்கிறது. இரண்டாவதை வாங்குபவர் தானாகவே நினைத்துக்கொள்கிறார்.

மேலே சொன்ன கன்ட்ரோலர் கன்சோலிடம் தன்னை டூயல்ஷாக் 4 என்று அறிமுகம் செய்துகொள்கிறது. அது பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலர். பிளேஸ்டேஷன் 5 அதை முகப்புத் திரையிலும் பிளேஸ்டேஷன் 4 கேம்களிலும் ஏற்கும், பிளேஸ்டேஷன் 5 கேம்களில் ஏற்காது. இது பழுதல்ல, சோனி வைத்த விதி. அதனால்தான் விற்பவர் முகப்புத் திரையோடு நிறுத்திக்கொள்கிறார். பிளேஸ்டேஷன் 5 கேமுக்கு அந்தக் கன்சோலோடு வரும் சோனியின் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ் வேண்டும், இல்லையென்றால் சோனியின் உரிமம் பெற்ற பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலர் வேண்டும். சில ஸ்டீயரிங் வீல்களும் ஆர்கேட் ஸ்டிக்குகளும் ஃப்ளைட் ஸ்டிக்குகளும் மட்டுமே விதிவிலக்கு. தலைகீழாகவும் இது பொருந்தும்: பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர் “புதுசுதானே நல்லது” என்று டூயல்சென்ஸ் வாங்கினால் அந்தக் கன்சோலில் அது வேலை செய்யாது.

பிளேஸ்டேஷன் 4-இலும் ஒரு கண்ணி உண்டு. உரிமம் பெற்ற கன்ட்ரோலரா என்று கன்சோல் உள்ளே ஒரு சரிபார்ப்பு நடத்தும். அதில் தேறாதவை முதலில் ஒழுங்காக ஓடிவிட்டு, சுமார் 8 நிமிடத்தில் பட்டன் அழுத்தங்கள் போகாமல் நின்றுவிடும். கடையில் இரண்டு நிமிடம் பார்த்தால் இது பிடிபடவே படாது.

எக்ஸ்பாக்ஸ் கதை இன்னும் மோசம். எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் எதுவும் கன்ட்ரோலரோடு ப்ளூடூத்தில் பேசுவதில்லை. மைக்ரோசாஃப்டின் சொந்த எக்ஸ்பாக்ஸ் ஒயர்லெஸ் முறையில்தான் பேசும். ஆகவே ப்ளூடூத் மட்டுமே உள்ள கன்ட்ரோலர், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், இந்தக் கன்சோல்களில் ஒயர் இல்லாமல் ஓடாது. பிறகு பெட்டியில் அந்தச் சின்னம் எப்படி வந்தது? “எக்ஸ்இன்புட்” என்ற சொல்லின் தயவில் வந்தது. எக்ஸ்இன்புட் என்பது விண்டோஸில் கேம்கள் கன்ட்ரோலரைப் படிக்கும் முறை. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் வந்ததால் பெயரில் ஓர் எக்ஸ் இருக்கிறது, அவ்வளவுதான். “எக்ஸ்இன்புட் மோடு உண்டு” என்றால் விண்டோஸ் கேம்களில் ஓடும் என்று பொருள். எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் ஓடும் என்று யாரும் வாக்குத் தரவில்லை.

குறுக்கு வழி அடாப்டர்களை நம்பியும் பயனில்லை. 2023 நவம்பரிலிருந்து அங்கீகாரம் இல்லாத துணைக்கருவிகளை எக்ஸ்பாக்ஸ் தடுக்கிறது. 0x82D60002 என்ற பிழை எண் வந்தால் அதுதான் காரணம். அதற்கு முன்பு ஓடிய சரக்கை இன்றும் “எக்ஸ்பாக்ஸில் ஓடும்” என்று தள்ளிவிடுவது நடக்கிறது. பெட்டியில் “டிசைன்ட் ஃபார் எக்ஸ்பாக்ஸ்” என்ற உரிம முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் அது ஒயர் உள்ளதா, டாங்கிளோடு (யூஎஸ்பி துளையில் செருகும் சிறு ரிசீவர்) வருகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பழைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டருக்கும் ஃபோனுக்குமாக வாங்குகிறவர்கள் வேறு விதமாக ஏமாறுகிறார்கள். 1537, 1697 என்ற மாடல்களில் ப்ளூடூத் கிடையாது. 2016-இல் வந்த 1708 முதல்தான் உண்டு. எண் பேட்டரி அறைக்குள் ஸ்டிக்கரில் இருக்கும். மூடியைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம்: எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பகுதி மேல்விளிம்பின் பளபளப்பான தனித் துண்டோடு சேர்ந்திருந்தால் ப்ளூடூத் இல்லை, முன்பக்கத்து மங்கலான பிளாஸ்டிக்கின் தொடர்ச்சியாக இருந்தால் உண்டு. விற்பவர் போட்ட படத்தில் இந்தப் பகுதியை விரலால் மறைத்து வைத்திருந்தால் விசாரிக்காமலே நகர்ந்துவிடலாம்.

ஸ்விட்சில் இணைவது எளிது. குறைகள் பிறகுதான் தெரியும். மலிவான கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் அமீபோ (நின்டென்டோவின் சிப் வைத்த பொம்மைகள்) படிக்கும் என்எஃப்சி இருக்காது, தூங்கும் கன்சோலை ஹோம் பட்டன் எழுப்பாது, அதிர்வு வெறும் மோட்டார் உறுமலாக இருக்கும். ஸ்விட்ச் 2-இல் நின்டென்டோவின் சொந்தப் பழைய ப்ரோ கன்ட்ரோலராலேயே கன்சோலை எழுப்ப முடியாது. எனவே “ஸ்விட்ச் 1, 2 இரண்டையும் எழுப்பும்” என்று பழைய சரக்கில் யாராவது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நம்ப வேண்டாம். இன்னொன்று, ஸ்விட்சின் இசட்எல், இசட்ஆர் பட்டன்களுக்கு அழுத்தத்தின் அளவு கிடையாது, அழுத்தியதா இல்லையா என்பது மட்டும்தான். அதற்கென்று செய்த கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் கார் ரேஸுக்கு வைத்தால் ஆக்சிலரேட்டர் முழுசாக அழுந்தும் அல்லது அழுந்தாது. பாதி அழுத்தம் என்ற ஒன்றே இருக்காது. பல கன்சோல்களுக்கு ஒரே கன்ட்ரோலர் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது ட்ரிக்கர் (ஆட்காட்டி விரலால் அழுத்தும் பின்பக்கப் பட்டன்) அனலாக்கா, அதாவது அழுத்தத்தின் அளவையும் சொல்லுமா என்பதுதான்.

ஃபோன் பக்கம். ஐபோன் 2019-இல் ஐஓஎஸ் 13-லிருந்து டூயல்ஷாக் 4-ஐயும் எக்ஸ்பாக்ஸ் ப்ளூடூத் கன்ட்ரோலரையும் ஏற்கிறது. ஐஓஎஸ் 16-இல் ஸ்விட்ச் ப்ரோவும் சேர்ந்தது. ஆண்ட்ராய்டு மோடு மட்டும் உள்ள பொதுவான கன்ட்ரோலர் ஐபோனில் பெயர் காட்டி இணைந்தாலும் கேமில் அசையாது. ஆண்ட்ராய்டில் இணையும், ஆனால் அதிர்வு பல ஃபோன்களில் வராது. கேமே கன்ட்ரோலரை ஏற்காவிட்டால் தொடுதிரையில் விரல் வைப்பதைப் போல நடிக்கவைக்கும் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார்கள். அது கேட்கும் அனுமதிகளைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஆன்லைன் கேமில் கணக்கு முடக்கப்பட்டால் கன்ட்ரோலர் விற்றவர் பொறுப்பேற்க மாட்டார்.

கம்ப்யூட்டரில் எல்லாம் ஓடும் என்பது பெருமளவு உண்மை. ஆனால் “கைரோ உண்டு, கம்ப்யூட்டருக்கும் ஏற்றது” என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தால் கவனியுங்கள். கைரோ என்பது கன்ட்ரோலரைச் சாய்ப்பதையும் திருப்புவதையும் உணரும் சென்சார். எக்ஸ்இன்புட்டில் அதற்கு இடமே இல்லை. ஸ்விட்ச் மோடிலோ டூயல்ஷாக் மோடிலோ இணைத்து, ஸ்டீம் என்ற கேம் செயலியில் உள்ள ஸ்டீம் இன்புட் வழியாக ஓட்டினால்தான் கைரோ கிடைக்கும். அதே போல 3.5 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் துளை. டூயல்சென்ஸிலும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலும்கூடக் கம்ப்யூட்டரோடு ப்ளூடூத்தில் இணைத்தால் அதில் ஒலி வராது, மலிவுச் சரக்கில் எப்படி வரும்? டூயல்சென்ஸின் ட்ரிக்கர் இறுக்கமும் நுண்ணதிர்வும் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் யூஎஸ்பி ஒயரில், அதுவும் ஆதரிக்கும் கேம்களில் மட்டுமே வேலை செய்யும். “1000 ஹெர்ட்ஸ்” (நொடிக்கு ஆயிரம் முறை தகவல் அனுப்புவது) என்ற எண்ணும் பெரும்பாலும் கம்ப்யூட்டரில், ஒயர் அல்லது டாங்கிளில் மட்டும் கிடைப்பது.

இனி, இப்போது அதிகம் ஏமாற்றும் சொல்: ஹால் எஃபெக்ட். கட்டைவிரலால் நகர்த்தும் சாதாரண ஸ்டிக்குக்குள் கார்பன் தடத்தின் மீது ஒரு உலோக நாக்கு உரசி நகரும். உரசி உரசித் தடம் தேயும்போதுதான் கை வைக்காமலே கேமில் உள்ள பாத்திரம் நடக்க ஆரம்பிக்கும், ட்ரிஃப்ட் என்று சொல்வது இதைத்தான். ஹால் ஸ்டிக்கில் காந்தமும் சென்சாரும் ஒன்றையொன்று தொடாது, அதனால் அந்தத் தேய்மானம் இல்லை. டிஎம்ஆர் என்று வருவதும் காந்த முறைதான். சிக்கல் என்னவென்றால், ட்ரிக்கரில் மட்டும் ஹால் சென்சாரை வைத்துவிட்டு, ஸ்டிக்கில் பழைய கார்பன் மாட்யூலையே போட்டு, பெட்டியில் பொத்தாம்பொதுவாக “ஹால் எஃபெக்ட்” என்று அச்சடித்துவிடுகிறார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது.

இதைத் திறக்காமல் சோதிக்க ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் பிரவுசரில் கேம்பேட் சோதனைப் பக்கம் ஒன்றைத் திறந்து ஸ்டிக்குகளின் எண்களைப் பாருங்கள். ஸ்டிக்கைத் தொடாமல், சிறிய நியோடிமியம் காந்தம் ஒன்றை அதன் அடிப்பகுதிக்கு அருகே நாலா பக்கமும் கொண்டுபோங்கள். எண் ஆடினால் உள்ளே இருப்பது காந்தச் சென்சார்தான். எந்தப் பக்கத்திலிருந்தும் துளிகூட ஆடாவிட்டால் சந்தேகப்படுங்கள். ட்ரிக்கருக்கும் இதே சோதனை. பெரிய காந்தம் வேண்டாம், நகத்தளவு போதும்.

அதே பக்கத்தில் இன்னொரு மோசடியும் வெளிவரும். ஸ்டிக்கை விட்டுவிட்டால் எண் 0.00000 என்று கல்லாக நிற்கிறதா? அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நல்ல ஸ்டிக்கிலேயே நடுநிலையில் சிறு மதிப்பு இருப்பது சகஜம், 8 பிட் கன்ட்ரோலர்களில் 0.00392 என்று காட்டுவது வாடிக்கை. துல்லியமாகப் பூஜ்யத்தில் நின்றால் ஃபர்ம்வேர் (கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருள்) நடுப்பகுதியை வெட்டியிருக்கலாம். ஸ்டிக்கை மிக மெதுவாகத் தள்ளுங்கள். கொஞ்ச தூரம் போகும்வரை பூஜ்யமாகவே இருந்து, திடீரென்று 0.10-க்கோ 0.15-க்கோ தாவினால், மட்டமான ஸ்டிக்கின் தள்ளாட்டத்தை மறைக்க டெட்ஸோன் வைத்திருக்கிறார்கள். குறி பார்த்துச் சுடும் கேமில் இதன் அருமை தெரியும். ட்ரிக்கரையும் மெல்ல அழுத்துங்கள்: 0-இலிருந்து 1 வரை படிப்படியாக ஏற வேண்டும். நேராக 1-க்குத் தாவினால் அது ட்ரிக்கர் வடிவில் உள்ள சாதாரண சுவிட்ச். சில கன்ட்ரோலர்களில் பின்புறம் ட்ரிக்கர் பூட்டு ஒன்று இருக்கும், அது போட்டிருந்தாலும் இப்படித்தான் காட்டும். பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள்.

ஒரிஜினல் டூயல்ஷாக் 4 என்று நகல் விற்பது தனிக் கலை. தராசில் வையுங்கள்: ஒரிஜினல் சுமார் 210 கிராம், டூயல்சென்ஸ் சுமார் 280 கிராம். நகல்களில் பேட்டரியும் அதிர்வு மோட்டார்களும் சிறியவை என்பதால் எடை குறையும். டச்பேடில் விரலை இழுத்துப் பாருங்கள், சும்மா கிளிக் ஆகும் பட்டனாக மட்டும் இருப்பவை ஏராளம். ஸ்பீக்கரும் ஹெட்ஃபோன் துளையும் அலங்காரத்துக்கு இருக்கும். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் எண்ணையும் பார்க்கலாம்: சோனிக்கு 054C, டூயல்ஷாக் 4-க்கு 05C4 அல்லது 09CC, டூயல்சென்ஸுக்கு 0CE6. எண் பொருந்தாவிட்டால் அது சோனியின் கன்ட்ரோலராகக் காட்டிக்கொள்ளவே இல்லை என்று பொருள். பொருந்தினால் மட்டும் ஒரிஜினல் ஆகிவிடாது, நகலெடுப்பவர்கள் எண்ணையும் சேர்த்துத்தான் நகலெடுக்கிறார்கள்.

சார்ஜிங். யூஎஸ்பி-சி துளை இருக்கும், ஆனால் இரு முனையும் சி ஆக உள்ள கேபிளைப் போட்டால் சார்ஜே ஏறாது. துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய ஏ-டு-சி கேபிளில் ஏறும். எனவே ஏறாததைப் பார்த்து “பேட்டரி செத்துவிட்டது” என்று முடிவு கட்ட வேண்டாம், “கேபிள்தான் கோளாறு” என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். கூடவே தரும் கேபிள் சில சமயம் சார்ஜ் மட்டும் செய்யும், டேட்டா கம்பியே இருக்காது. அதை வைத்து ஒயர் மோடும் வராது, ஃபர்ம்வேர் அப்டேட்டும் நடக்காது.

டாங்கிள் உள்ள கன்ட்ரோலரைப் பிரித்த பெட்டியிலிருந்து வாங்கினால் டாங்கிள் உள்ளே இருக்கிறதா, அது இந்தக் கன்ட்ரோலரோடுதான் பேசுகிறதா என்று பார்க்கவும். தொலைந்தால் தனியாகக் கிடைப்பது அரிது. டாங்கிளை யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கலந்து சிக்னல் விட்டு விட்டு வரும். இது விற்றவரின் குற்றமல்ல, ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்தால் தீர்ந்துவிடும்.

காலையில் கம்ப்யூட்டர், மாலையில் கன்சோல் என்று மாறி மாறி விளையாடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: பல கன்ட்ரோலர்கள் ப்ளூடூத்தில் கடைசியாக இணைந்த ஒரே ஒரு கருவியைத்தான் நினைவில் வைக்கும். மாறும்போதெல்லாம் மறுபடி பேரிங் செய்ய வேண்டும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலர் ஒரு கன்சோலையும் ஒரு ப்ளூடூத் கருவியையும் நினைவில் வைக்கும், பேர் பட்டனை இரண்டு முறை தட்டினால் மாறும். எய்ட்பிட்டூ (8BitDo) நிறுவனத்தின் ப்ரோ 2 போன்றவற்றில் பின்னால் எஸ், ஏ, டி, எக்ஸ் என்று மோடு மாற்றும் சுவிட்ச் கண்ணுக்குத் தெரிய இருக்கிறது. பெயர் தெரியாத சரக்கில் எந்தப் பட்டனோடு ஹோமை அழுத்த வேண்டும் என்பது ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். “பிளேஸ்டேஷன் 5-இல் ஓடுமா” என்று கேட்டால் ஓடும் என்பார், அது பொய்யாகவும் இருக்காது. “பிளேஸ்டேஷன் 5-க்கென்று வந்த கேமில் ஓடுமா, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோலில் ஒயர் இல்லாமல் ஓடுமா, ஸ்டிக் ஹால் எஃபெக்டா இல்லை ட்ரிக்கர் மட்டுமா, ஃபர்ம்வேர் எங்கே கிடைக்கும்” என்று கேளுங்கள். வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து 8 நிமிடத்துக்கு மேல் விளையாடுவதுவரை வெட்டில்லாமல் ஒரே வீடியோவாகப் பிடித்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒவ்வொரு கன்சோலிலும் ஒரு முழு கேமை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். முகப்புத் திரையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.