தத்னாய் கேட்டதும் ரெகூம் கேட்டதும்

பைபிளின் எஸ்றா நூல்படி, எருசலேமில் யூதர் கட்டுவதைப் பற்றிப் பாரசீக அரசர்களுக்கு இரண்டு கடிதங்கள் போயின.

அதிகாரி ரெகூமும் எழுத்தர் சிம்சாயும் எழுதியது மதிலைப் பற்றி. ‘இது கலகக்கார ஊர், மதில் எழும்பினால் வரி வராது’ என்று அரசர் அர்தசஷ்டாவைக் கிளப்பிவிட்டார்கள். உத்தரவு வந்ததும் விரைந்து போய்ப் பலவந்தமாக வேலையை நிறுத்தினார்கள்.

அதற்கு முன்பே, அரசர் தரியு காலத்தில், ஆளுநர் தத்னாயும் ஆலயம் கட்டியவர்களிடம் ‘உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?’ என்றுதான் கேட்டார். பெயர்களையும் விசாரித்தார். ஆனால் பதில் வரும்வரை வேலையைத் தடுக்கவில்லை. எனக்கு இவர்மேல்தான் மரியாதை. பெரிய கற்கள், சுவருக்குள் வைத்த மரங்கள் என்று கண்டதைக் கண்டபடி எழுதினார். ஆலயம் கட்டச் சொல்லி முந்தைய அரசர் கோரேசின் ஆணை உண்டா என்று தேடச் சொன்னார். அக்மேதா நகரில் அந்த ஆணை எழுதிய சுருள் கிடைத்தது: உயரம் 60 முழம், மூன்று வரிசை கல், ஒரு வரிசை மரம், செலவு அரண்மனையுடையது. கி.மு. 515இல் ஆலயம் முடிந்தது.