காலால் சின்தசைசர்: குறைந்த செலவில் எது தேறும்?

மூன்று பேர் மட்டுமே உள்ள இசைக்குழுவில் கிடார் தனி வாசிப்புக்குப் போனவுடன் பின்னணி மெலிந்துவிடும். அதற்கு 1970களில் கிடைத்த விடை மூக் டாரஸ்: 13 மிதிகட்டைகள், உள்ளேயே சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி). ரஷ் குழுவின் கெடி லீயும் போலீஸ் குழுவின் ஸ்டிங்கும் அதைக் காலால் வாசித்தபடியே பாடினார்கள். பழைய டாரஸ் இன்று சேகரிப்பாளர்களின் சரக்கு. நமக்கு வேறு வழிகள்தான்.

மிக எளிய வழி, கிடாருக்கான பெடல். பாஸ் நிறுவனத்தின் எஸ்ஒய்-1 பெடலுக்குத் தனி பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பாகம்) தேவையில்லை. சாதாரண கேபிளைச் செருகினால் கிடாரே சின்தசைசர் போல ஒலிக்கும். ஆனால் கிடாரில் வாசிப்பதைத்தான் அது மாற்றித் தரும். கூடுதலாக ஒரு கலைஞரைத் தராது. அந்த வகையில் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் ஃப்ரீஸ் எனக்கு மேலாகப் படுகிறது. ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) வாசித்து மிதித்தால் அந்த ஒலி அப்படியே நிற்கும். அதன்மேல் தனி வாசிப்பைத் தொடரலாம். கால் பயிற்சியே வேண்டாம். கார்டுகள் வேகமாக மாறும் பாட்டில் மட்டும் தடுமாறும்.

உண்மையிலேயே காலால் ஸ்வரம் வாசிக்க வேண்டுமென்றால் மிடி மிதிகட்டைகள் வேண்டும். மிடி என்பது எந்த ஸ்வரத்தை ஒலிக்க வேண்டும் என்று ஒரு கருவி இன்னொன்றுக்குச் சொல்லும் மொழி. கீத் மெக்மில்லனின் 12 ஸ்டெப் பைக்குள் அடங்கும். ஒரே கட்டையில் ஐந்து ஸ்வரம் வரை வைத்து முழுக் கார்டையே ஒலிக்கச் செய்யலாம். கட்டைகள் சிறியவை, பெரிய ஷூ போட்டவர் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து மிதிப்பார். தவிர, அது யூஎஸ்பி கருவி. யூஎஸ்பி மட்டுமே உள்ள இரண்டு கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. நடுவில் கணினியோ அதற்கென ஒரு பெட்டியோ வேண்டும். மேடையில் இன்னொரு பெட்டி என்றால் இன்னொரு மின் இணைப்பு, இன்னொரு தலைவலி.

என் தேர்வு, பழைய ரோலண்ட் பிகே-5 அல்லது ஸ்டூடியோலாஜிக் எம்பி-113. இரண்டிலும் 13 கட்டைகள், ஐந்து முள் மிடி இணைப்பு. கனமானவை, இடத்தை அடைப்பவை. ஆனால் பார்க்காமலே கால் தடம் பிடித்துக்கொள்ளும். இவை தாமாக ஒலிக்காது என்பதை வாங்கும்போதே நினைவில் கொள்ள வேண்டும். கோர்க் வோல்கா பேஸ் போன்ற சிறு சின்தசைசரை இணைத்தால் போதும். மிடி வாங்கும் துளை அதில் உண்டு, ஆறு பேட்டரியில் ஓடும். அடிஸ்வரத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் ஒலித்தாலே தாராளம். இரண்டு தாழ்ந்த ஸ்வரங்கள் சேர்ந்தால் குழப்பமாகத்தான் கேட்கும்.

சால்டரிங் தெரிந்தவருக்கு இதைவிட மலிவான வழியும் உண்டு. கெட்டுப்போன சிறிய வீட்டு ஆர்கனின் 13 மிதிகட்டைகளைக் கழற்றி, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையில் கட்டைக்கு ஒரு கம்பியாக இணைக்கலாம். மிடி அனுப்பும் இணைப்பை விட்டுவிட்டாலும் 13 சுவிட்சுக்கு அதில் இடம் இருக்கிறது. மேடையில் கம்பி கழன்றால் சரிசெய்யும் ஆளும் நீங்களேதான்.

எதை வாங்கினாலும் ஒலிபெருக்கியைச் சோதித்துவிடுங்கள். பேஸ் கிடாரின் கடைசித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். மிதிகட்டையில் தாழ்ந்த சி வைத்தால் 33 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சிறிய அரங்குகளின் பெட்டிகள் அதைத் தெளிவாகத் தராது. சின்தசைசரை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே ஏற்றி வைத்தால் எங்கும் கேட்கும்.