மந்திரம் குறைந்த ஆட்டத்துக்கு எது: ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸா, கெய்ர்னா?

பழைய பாணி, மந்திரம் அரிது, சாவு பக்கத்திலேயே. இப்படி மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை ஆட்டம் நடத்த நினைப்பவர்கள் பலர் இந்த இரண்டு விதிநூல்களுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: கெய்ர்ன் பிடிஎஃப் இலவசம். எசென்ஷியல்ஸில் அடிப்படை விதிகள் மட்டும் இலவசம்.

கற்பது: கெய்ர்னில் வீரன், மந்திரவாதி என்ற பாத்திர வகுப்புகள் இல்லை, அடி பட்டதா என்று பார்க்கப் பகடையும் இல்லை, நேராகச் சேதத்தை உருட்ட வேண்டியதுதான். எசென்ஷியல்ஸ், இந்த வகை ஆட்டங்களின் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 விதிகளை ஒழுங்காக அடுக்கியது. அட்டவணைகள் பழகணும்.

மந்திரம்: விஷயமே இங்கேதான். எசென்ஷியல்ஸில் மந்திரம் ஓதும் வகுப்புகளான மந்திரவாதி, எல்ஃப் (மாய இனத்தவர்), கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி) மூவரையும் நீக்கிவிடலாம். ஆனால் அப்புறம் காயம் ஆற்ற கிளெரிக் இல்லாததால், நாள் முழுக்க ஓய்வெடுத்தாலும் 1 முதல் 3 உயிர்ப் புள்ளிதான் ஆறும். எனக்கு அந்த மந்தம் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. கெய்ர்னில் எதையும் வெட்ட வேண்டாம். மந்திரம், பாத்திரங்கள் ஆட்டத்துக்குள் கண்டெடுக்கும் மந்திரப் புத்தகங்களில் இருக்கிறது. ஒரு பாத்திரம் பொருள் சுமக்க இருக்கும் 10 இடங்களில் புத்தகம் ஒன்றை அடைக்கும், ஓதினால் வரும் களைப்பு இன்னொன்றை. எத்தனை புத்தகம் கண்ணில் படும் என்பது நடத்துபவர் கையில்.

நீடிப்பு: எசென்ஷியல்ஸில் மீட்டு வரும் ஒவ்வொரு பொற்காசும் ஓர் அனுபவப் புள்ளி, அது சேரச் சேரப் பாத்திரம் நிலை உயரும். வருடக்கணக்கில் ஓடும் கதைக்கு அதுதான் சரி. கெய்ர்னில் நிலைகளே கிடையாது. புதியவர்கள், ஒரு ஞாயிறு மதியம் மட்டும் என்றால் யோசிக்காமல் கெய்ர்ன்.